தேக்கு அலமாரியும் எல் வடிவ சோபாவும் ஒரே ஹாலில்: யோசனை சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஃபிளாட்டுக்குக் குடிவந்திருக்கிறோம். ஊரிலிருந்து தாத்தாவின் தேக்கு அலமாரியும் சாய்வு நாற்காலியும் வந்துவிட்டன. என் கணவருக்கோ சாம்பல் நிற எல் வடிவ சோபாதான் வேண்டுமாம். சரி, இரண்டும் இருக்கட்டும். ஹால் பழைய சாமான் கடை மாதிரி ஆகாமல் இருந்தால் போதும்.

அலமாரிக்கு எந்தக் காலத்திலோ பச்சை எனாமல் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். உரிந்த இடங்களில் தேக்கின் ரேகை தெரிகிறது. சுரண்டி பாலிஷ் போடலாமா, அப்படியே விடலாமா? எனக்கென்னவோ அந்தப் பச்சை பிடித்துத்தான் இருக்கிறது. பித்தளைக் கைப்பிடிகள் கடல் காற்றில் கறுக்கின்றன; புளி போட்டுத் தேய்த்தாலும் பளபளப்பு நிற்பதில்லை. லேக்கர் (நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு) அடித்தால் தாங்குமா?

தரை வெள்ளை டைல்ஸ். செட்டிநாட்டு ஆத்தங்குடி டைல்ஸ் டிசைனில் விரிப்பு போட்டால் எடுபடுமா?

அப்புறம், நாற்காலிக்குப் பிரம்பு பின்னுபவர் புதுச்சேரியிலோ கடலூரிலோ இருந்தால் சொல்லுங்கள். காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய தொங்கு விளக்கு யாராவது வாங்கியிருக்கிறீர்களா?