அப்பாவின் பதக்கம்: விபரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

திருகோணமலை உறவுகளுக்கு வணக்கம். எங்கள் அப்பா இரண்டாம் உலகப் போரில் இங்கே பீரங்கிப் படையில் இருந்தவர். 1942 ஏப்ரல் 9 காலை யப்பான் விமானங்கள் துறைமுகத்திலும் சீனன்குடாவிலும் குண்டு போட்டதைக் கேட்டால் மட்டும் வாய் திறப்பார். அதுவும் எண்ணெய்த் தாங்கி ஒன்று நாள்கணக்கில் எரிந்த கதைதான். தான் என்ன செய்தார் என்று ஒரு சொல் வராது. "அதை விடு பிள்ளை" என்பார்.

அவர் போய்ப் பல வருடம். இப்போது அம்மாவின் றங்குப் பெட்டியில் ஒரு பதக்கம் கிடைத்தது. ஒரு பக்கம் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலை, மறுபக்கம் முடியும் இரண்டு சிங்கங்களும், 1939, 1945 என்ற ஆண்டுகளும். பெயரோ இலக்கமோ இல்லை. சேவைப் புத்தகம் 1990 இடப்பெயர்வோடு போய்விட்டது.

உங்கள் அப்பப்பா, அம்மப்பா யாராவது அந்தப் படையில் இருந்தார்களா? அவர்களுடைய பதிவுகளை எங்கே கேட்டு எடுத்தீர்கள்? படை இலக்கம் இல்லாமல், பெயரையும் பிறந்த திகதியையும் மட்டும் வைத்து எடுக்கலாமா? பழைய குழுப்படம் இருந்தால் கட்டாயம் போடுங்கள். இடது புருவத்தில் தழும்பு உள்ளவர்தான் அப்பா.

அப்புறம், மருமகன் பதக்கத்தைப் பிராசோ (பித்தளை மினுக்கும் திரவம்) போட்டு மினுக்கலாம் என்கிறான். அது சரியா? நான் இன்னும் விடவில்லை.