கோத்தகிரி வீட்டுக் கணினியைக் கோவையிலிருந்து இயக்க எந்த மென்பொருள்?

கேள்வி:
வணக்கம். அப்பா கோத்தகிரியில், நான் கோவையில். அவர் கணினியில் இருப்பது விண்டோஸ் ஹோம். இணையம் 4ஜி சிம் போட்ட ரவுட்டரில். பச்சைத் தேயிலை எடைக் கணக்கை எக்செல்லில் எழுதுகிறார். ஏதாவது நின்றுபோனால், "நீலமா ஒண்ணு வந்திருக்கும்மா, அமுக்கவா?" என்று போன் செய்வார். திரையைப் பார்க்காமல் நான் என்ன சொல்ல? தொலைவிலிருந்து கணினியை இயக்கும் டைட்விஎன்சி மென்பொருளைப் போட்டேன். வீட்டுக்குள் லேப்டாப்பிலிருந்து இணைகிறது. ரவுட்டரில் அதற்கான வாசலை, 5900 போர்ட்டை, திறந்தும் கோவையிலிருந்து இணையவில்லை. கட்டற்ற மென்பொருள்தான் வேண்டும்.

குன்னூரிலிருந்து பதில்:
டைட்விஎன்சி மேல் தவறில்லை. சிம் இணைப்பில் பெரும்பாலும் உங்களுக்கென்று தனிப் பொது ஐபி (இணைய முகவரி) கிடைக்காது, பல வீடுகளுக்கு ஒரே முகவரி. வெளியிலிருந்து வரும் அழைப்பு உங்கள் ரவுட்டர் வரை வந்தே சேராது. அந்த 5900ஐ இன்றே மூடிவிடுங்கள். திறந்த போர்ட் ஆபத்து. விண்டோஸ் ஹோமை விண்டோஸின் சொந்த ரிமோட் டெஸ்க்டாப் வசதியால் வெளியிலிருந்து இயக்கவும் முடியாது, அது புரோ போன்ற பதிப்புகளில்தான்.

ரஸ்ட்டெஸ்க் போடுங்கள். ஏஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமம், போர்ட் எதுவும் திறக்க வேண்டாம். இரண்டு கணினிகளும் உள்ளிருந்து வெளியே போய்ச் சந்திக்கும். நேர்வழி கிடைக்காவிட்டால் இடையில் ஒரு சர்வர் கடத்திவிடும். அப்பா கணினியில் சும்மா திறந்து ஓட்டாமல் முறையாக நிறுவுங்கள். இல்லையென்றால் விண்டோஸ் அனுமதி கேட்கும் பெட்டி வந்ததும் உங்களால் எதையும் அழுத்த முடியாது. அப்புறம் நிரந்தரக் கடவுச்சொல், நீளமாக. ஸ்லீப்பை அணைத்துவிடுங்கள்.

ஊட்டியிலிருந்து பதில்:
ஒன்றைச் சேர்க்கிறேன் அக்கா. வேறு யார் போனில் ரஸ்ட்டெஸ்க் காட்டும் ஐடியைக் கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்று அப்பாவிடம் அழுத்திச் சொல்லிவிடுங்கள். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி இதே மென்பொருளைப் போடச் சொல்லும் மோசடி நடக்கிறது.

கேட்டவர்:
நன்றி அண்ணா, தம்பி. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய் நிறுவினேன், நேற்று கோவையிலிருந்து இணைந்துவிட்டது. படம் விட்டுவிட்டு வந்தது. தரத்தைக் குறைத்து வேகத்துக்கு முன்னுரிமை கொடுத்ததும் சரியானது. அம்பு தானாக நகர்வதை அப்பா மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாராம். கூட்டலில் கடைசி வரி விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான். ஆனால் மழையில் கரண்ட் போய் வந்தால் கணினி அணைந்தே கிடக்கிறதே?

குன்னூரிலிருந்து பதில்:
டெஸ்க்டாப் என்றால் பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) மின்சாரம் திரும்பியதும் தானே இயங்கும் அமைப்பு இருக்கும், அதை இயக்கிவிடுங்கள். ரஸ்ட்டெஸ்க் பின்னணியில் தானே ஓடும் சர்வீஸாக இருப்பதால், அப்பா உள்நுழைவதற்கு முன்பே நீங்கள் இணையலாம். ரவுட்டருக்கும் ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கிவிடுங்கள்.