மவுஸ் வழுக்கிட்டு ஓடுது, அப்புறம் என்னய்யா 144 ஓடலங்கறீங்க?

பெரம்பூர் லோகோ:
நேத்து குரோம்பேட்டை தம்பி ஒருத்தரு கேட்டாரு, புதுசா 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் (செகண்டுக்கு 144 தடவ படத்தைப் புதுப்பிக்கும், அதான் ரிஃப்ரெஷ் ரேட்) வாங்கி பழைய 60 ஹெர்ட்ஸ் பக்கத்துல வச்சேன், லினக்ஸ் மின்ட்ல விண்டோவ இழுத்தா புதுசுலயும் விக்கி விக்கி வருதுன்னு. அதுக்கு நம்ம ஓஎம்ஆர் ராக்கோழி ஒரே வரில தீர்ப்பு எழுதிட்டாரு: "எக்ஸ்11-ல ரெண்டு மானிட்டர் ரெண்டு ரேட்ல ஓடவே ஓடாது, எல்லாம் 60-க்கு இறங்கிடும், வேலாண்டுக்கு மாறுங்க இல்லன்னா பழசை எடைக்குப் போடுங்க." எக்ஸ்11, வேலாண்ட் ரெண்டுமே லினக்ஸ்ல திரையில படம் காட்டுற ஏற்பாடு, மொதல்து பழசு, அடுத்தது புதுசு. எடைக்குப் போடணுமாம்! படிச்சதுல இருந்து எனக்கு சோறு எறங்கல. என் வீட்ல 6 வருஷமா டெபியன் லினக்ஸ், எக்ஸ்எஃப்சிஈ டெஸ்க்டாப், எக்ஸ்11-லதான், இடது பக்கம் 144, வலது பக்கம் 60. டெர்மினல்ல எக்ஸ்ராண்டர்னு கட்டளை அடிச்சா ரெண்டு ரேட்டுக்குப் பக்கத்துலயும் தனித்தனியா, இப்ப ஓடுறது இதுதான்னு நட்சத்திரம் நிக்குது. மவுஸை 60-ல இருந்து 144-க்குத் தள்ளுனா எண்ணெய் தடவுன மாதிரி வழுக்கிட்டுப் போகுது, என் பத்து வயசுப் பொண்ணே வித்தியாசம் சொல்றா. ஓடவே ஓடாதுன்னு சொன்னவரு வந்து என் மவுஸைப் பாத்துட்டுப் பேசட்டும்.

ஓஎம்ஆர் ராக்கோழி:
அண்ணே, நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து தூங்கலாம்னு பாத்தா என் பேர்ல ஒரு இழையே ஓடுது, நன்றி. நட்சத்திரம் காட்டுறது கிராஃபிக்ஸ் கார்டுல இருந்து மானிட்டருக்குப் போற சிக்னலோட ரேட். நான் பேசுனது படம் வரையற ரேட். எக்ஸ்11-ல ரெண்டு மானிட்டரும் சேர்ந்து ஒரே பெரிய படம், கம்போசிட்டர் (விண்டோ எல்லாத்தையும் சேர்த்து ஒரே படமாக்கற நிரல்) அந்த மொத்தத்தையும் ஒரே கடிகாரத்தைப் பாத்துதான் வரையும், அந்தக் கடிகாரம் 60-ல மாட்டிக்கிச்சுன்னா 144 மானிட்டருக்கும் செகண்டுக்கு 60 புதுப் படம்தான் கிடைக்கும். அப்புறம் அந்த மவுஸ்... அது ஹார்டுவேர் கர்சர் அண்ணே. கார்டு அதைத் தனி அடுக்குல வரையுது, கம்போசிட்டர் குறட்டை விட்டாலும் பாயிண்டர் மட்டும் ஓடும். மவுஸை வச்சு 144 ஓடுதுன்னு சொல்றது மீட்டர் ஓடுது அதனால ஆட்டோ ஓடுதுன்னு சொல்ற கதை.

பெரம்பூர் லோகோ:
சென்னையில மீட்டர் ஓடுற ஆட்டோவைப் பாத்தியா தம்பி? எந்த ஸ்டாண்டு, நானும் வரேன். மவுஸ் ஓடுதா இல்லையா? ஓடுதுன்னு நீயே ஒத்துக்கிட்ட. முடிஞ்சு போச்சு.

ஓஎம்ஆர் ராக்கோழி:
மவுஸ் ஓடுது. விண்டோ ஓடுதான்னுதான் கேள்வி.

பெரம்பூர் லோகோ:
நேத்து நீ எழுதுனது "ரெண்டு மானிட்டர் ரெண்டு ரேட்ல ஓடவே ஓடாது". மானிட்டர்னு எழுதிட்டு இன்னைக்கு விண்டோன்னு மாத்துற. எழுதுறப்ப யோசிக்கணும்.

டெர்மினல் தாத்தா:
ரெண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கப்பா. எக்ஸ் 1984-ல எம்ஐடி-ல ஆரம்பிச்சது, 11-ம் பதிப்பு 1987. ஆளுக்கு ஒரு மானிட்டர் இருந்தாலே பெரிய விஷயம்னு இருந்த காலம், அதுல போய் ஒரு மேசைல ரெண்டு ரேட்டை எவன் யோசிச்சான். அப்புறமா ராண்டர்னு ஒட்டுப் போட்டு ரெண்டு திரையையும் ஒரே பாய்ல படுக்க வச்சாங்க. ஒவ்வொரு மானிட்டரும் அந்தப் பாய்ல தன் பங்கை தன் வேகத்துல எட்டிப் பாத்துக்குது, அந்த அளவுல லோகோ சொல்றது சரி. பாயை யாரு எப்ப உதறி விரிக்கிறாங்கங்கறது வேற விஷயம், அதுல ராக்கோழி சொல்றது சரி. குரோம்பேட்டை தம்பி, உன் கார்டு ஏஎம்டி-ன்னா எக்ஸ் கான்ஃபிக்ல டியர்ஃப்ரீ-ன்னு (படம் குறுக்கால கிழியாம பாத்துக்கற அமைப்பு) ஒரு வரி சேர்த்துட்டு, கம்போசிட்டர் ஆஃப் பண்ண முடியற டெஸ்க்டாப்ல நுழைஞ்சு பாரு. மானிட்டர் மானிட்டரா தனியா ஒத்திசைக்கும்.

பெரம்பூர் லோகோ:
தாத்தாவே லோகோ சொல்றது சரின்னுட்டாரு. கேட்டுக்கோ தம்பி. நம்ம எழும்பூர் லைன்ல 2004 வரைக்கும் மீட்டர் கேஜ் மின்சார ரயிலும் பக்கத்துலயே பிராட் கேஜும் ஓடலயா? ஒண்ணு மெதுவா வருதுன்னு பக்கத்து ரயில் நின்னுச்சா?

ஓஎம்ஆர் ராக்கோழி:
தாத்தா என்னையும்தான் சரின்னாரு, பாதி வரியோட நிறுத்திட்டீங்க. ரயில் உதாரணம் உங்களுக்கே எதிரா திரும்புது. தண்டவாளம் ரெண்டு இருக்கு, சிக்னல்காரர் ஒருத்தர்தான், அவர் மெதுவான வண்டியைப் பாத்துதான் ரெண்டுக்கும் கொடி ஆட்டுறாரு, அதான் எக்ஸ்11 கம்போசிட்டர். வேலாண்ட்ல லைனுக்கு ஒரு சிக்னல்காரர். க்னோம் டெஸ்க்டாப் 3.38-ல, அதாவது 2020 செப்டம்பர்லயே, மானிட்டருக்கு மானிட்டர் தனி ரேட்ல வரையறது வந்தாச்சு. ப்ளாஸ்மா டெஸ்க்டாப் 6, 2024 பிப்ரவரி, வேலாண்ட்தான் டீஃபால்ட். நீங்க இன்னும் மீட்டர் கேஜ்லயே இருக்கீங்க.

ரிச்சி தெரு ரீசார்ஜ்:
யாராவது கேபிளைப் பாத்தீங்களா? கடைக்கு வர்ற பத்துப் பேர்ல பாதிப் பேரு பழைய மானிட்டர் டப்பால இருந்த எச்டிஎம்ஐ 1.4 கேபிள், போர்ட்டை வச்சுக்கிட்டே 1440பி-ல 144 வரலன்னு வந்து நிப்பாங்க. அதுல அவ்ளோ டேட்டா போகாது. டிஸ்ப்ளேபோர்ட் 1.2 இல்ல எச்டிஎம்ஐ 2.0, ரெண்டு முனையிலயும், அப்பதான் 144 லிஸ்ட்லயே வரும். மொதல்ல அதைப் பாருங்க, சண்டை அப்புறம்.

பெரம்பூர் லோகோ:
என் கேபிள் நல்லாதான் இருக்கு. அந்தத் தெருவுல ஒரு கடையில 2 வருஷம் முன்னாடி "டிஸ்ப்ளேபோர்ட் ஒரிஜினல்"னு எனக்குக் கட்டுனது மூணாவது நாள் மினுக்க ஆரம்பிச்சுது, திருப்பிக் குடுக்கப் போனா உங்க போர்ட்ல ஃபால்ட்னாங்க. கேபிள் பாடம் அங்கிருந்து வரவேணாம்.

ரிச்சி தெரு ரீசார்ஜ்:
எந்தக் கடையோ செஞ்சதுக்கு என்கிட்ட ஏன் சார் சூடாகறீங்க. பில்லு வாங்கினீங்களா?

பெரம்பூர் லோகோ:
பில்லு போட்டா ஜிஎஸ்டி சேரும்னு சொன்னது யாரு, நானா?

குரோம்பேட்டை கொசு:
அண்ணா, நான்தான் நேத்து கேட்டவன். கேபிள் டிஸ்ப்ளேபோர்ட்தான், செட்டிங்ஸ்ல 144-ன்னுதான் காட்டுது. விண்டோ இழுத்தா மட்டும் விக்குது. 60 மானிட்டரைப் பிடுங்கிட்டா சரியாகுது. ஏன்?

ஓஎம்ஆர் ராக்கோழி:
பாருங்க, பிடுங்குனா சரியாகுதாம். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும். கொசு, தற்காலிகமா 144-ஐ 120-க்கு இறக்கிப் பாரு. 144-ஐ 60-ஆல வகுத்தா 2.4, முழுசா வராது, ஒரு படம் ரெண்டு தடவ இன்னொரு படம் மூணு தடவன்னு மாறி மாறி நிக்கும், அந்தத் தடுமாத்தம்தான் விக்கல். 120-ன்னா சரியா ரெண்டு. அப்பவும் புதுப் படம் 60-தான் வரும், ஆனா சீரா வரும்.

பெரம்பூர் லோகோ:
கொசு தம்பி, உன் மவுஸ் எப்படி ஓடுது? 144 பக்கம் வழுக்குதா?

குரோம்பேட்டை கொசு:
மவுஸ் நல்லா ஓடுதுண்ணா. விண்டோதான்...

பெரம்பூர் லோகோ:
அவ்ளோதான். மவுஸ் நல்லா ஓடுது. ராக்கோழி, படிச்சியா?

ஓஎம்ஆர் ராக்கோழி:
ஹார்டுவேர் கர்சர் ஹார்டுவேர் கர்சர் ஹார்டுவேர் கர்சர். இதை சுவத்துல எழுதி ஒட்டுங்க. போன்ல 240 ஃபிரேம் ஸ்லோமோஷன் எடுங்க அண்ணே, விண்டோவோட தலைப்பைப் பிடிச்சு வேகமா இழுத்துட்டே எடுங்க. வீடியோவ ஒவ்வொரு ஃபிரேமா நகத்திப் பாருங்க. விண்டோ 4 ஃபிரேமுக்கு ஒரு தடவ நகந்தா அது 60. ஒண்ணு ரெண்டு ஃபிரேமுக்கு ஒரு தடவ நகந்தா 144. பாயிண்டர் முன்னாடி ஓட விண்டோ பின்னாடி இழுபட்டு வர்றது கண்ணாடி மாதிரி தெரியும். ஆதாரம் போடுங்க, நான் வாயை மூடிக்கறேன்.

பெரம்பூர் லோகோ:
நான் எதுக்கு வீடியோ எடுக்கணும்? எனக்குக் கண்ணு இருக்கு. அதுவும் இல்லாம என் விண்டோவும் நல்லாதான் ஓடுது, நான்தான் கம்போசிட்டரை அஞ்சு வருஷம் முன்னாடியே ஆஃப் பண்ணிட்டேனே.

ஓஎம்ஆர் ராக்கோழி:
என்னது??

ஓஎம்ஆர் ராக்கோழி:
காலைல இருந்து கம்போசிட்டர் கம்போசிட்டர்னு கத்திட்டு இருக்கேன், இப்ப வந்து ஆஃப்ல இருக்குங்கறீங்க. அது இல்லன்னா நேரா வரையும், யாரு கடிகாரத்தையும் பாக்காது. கூடவே கிழியும். பக்கத்தை உருட்டும்போது குறுக்கால ஒரு கோடு போகுதா இல்லையா?

பெரம்பூர் லோகோ:
லேசா போகும். பழகிடும். எங்க அப்பா காலத்து சாலிடேர் டிவில படமே உருண்டுட்டு இருக்கும், தட்டிட்டு பாப்போம், அதெல்லாம் பாத்து வளந்த கண்ணு. நான் சொன்ன விஷயம் மவுஸ், அதுக்கு இன்னும் பதில் வரல.

சொல்லேருழவன்:
இத்தனை நேரமாய் "ரிஃப்ரெஷ் ரேட்" என்று ஒரே இரைச்சல். புதுப்பிப்பு வீதம் என்று எழுதினால் கை சுளுக்கிவிடுமா? நேற்று ஒருவர் "புதுப்பிப்பு விகிதம்" என்றார், அது அதைவிடக் கொடுமை. விகிதம் என்பது இரண்டு அளவுகளை ஒப்பிடுவது. நொடிக்கு இத்தனை முறை என்றால் வீதம்.

பெரம்பூர் லோகோ:
ஐயா, விகிதம்னு எழுதுனது நான்தான், தெரிஞ்சுதான் குத்துறீங்க. போன வருஷம் கர்னலுக்கு "உட்கரு"ன்னு போட்டு நீங்க மொழிபெயர்த்த மெனுவை நான் கிண்டல் பண்ணதுக்கு இப்ப பழி வாங்குறீங்க.

சொல்லேருழவன்:
உட்கரு சரியான சொல்தான். வேலாண்ட் அன்பர்களுக்கும் ஒன்று: குரோமியம் வகை உலாவிகளில் தமிழ்99-இல் தட்டச்சு செய்ய வேலாண்ட் ஐஎம்ஈ (எழுத்து உள்ளீட்டு வசதி) என்று தனியே ஓர் அமைப்புத் தேர்வை இயக்கிவிட்டுத்தான் நான் இரண்டு ஆண்டுகள் காலம் தள்ளினேன். 144 வீதத்தில் எழுத்தே வராத பெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பதில் என்ன இன்பம்?

பெரம்பூர் லோகோ:
ஆங்! இப்ப சொன்னீங்களே இது பாயிண்டு. உட்கருவை மன்னிச்சுட்டேன்.

ஓஎம்ஆர் ராக்கோழி:
அது ப்ரவுசர் பிரச்சனை, வேலாண்ட் பிரச்சனை இல்ல. பேச்சை மாத்தாதீங்க. வேலாண்ட் 2008-ல ஆரம்பிச்சதுல இருந்து இதே பாட்டு, அது வராது இது வராதுன்னு. எல்லாம் வந்தாச்சு. என்விடியா கார்டுக்கு எக்ஸ்ப்ளிசிட் சிங்க்கே (படம் வரைஞ்சு முடிஞ்சாச்சுன்னு தெளிவா சொல்லிக்கற முறை) 2024-ல 555 டிரைவர்ல வந்துடுச்சு. க்னோம் 49-ல எக்ஸ்11 செஷனையே டீஃபால்ட்டா அணைச்சுட்டாங்க. நீங்க யாருக்காக சண்டை போடறீங்கன்னே தெரியல.

பெரம்பூர் லோகோ:
2008-ல ஆரம்பிச்சு 2024-ல சிங்க் வந்துச்சுன்னு பெருமையா வேற சொல்றான். நம்ம மெட்ரோ ரயிலே முந்திக்கிச்சு. எனக்கு எவன் சப்போர்ட்டும் வேணாம் தம்பி, நான் பாஸ் லினக்ஸ் காலத்து ஆளு, அதை உருவாக்குன அரசு நிறுவனம் சி-டாக், தரமணி பக்கம் அதோட வாசல்ல சிடி வாங்கிட்டு வந்து போட்டவன். நீ பொறந்ததே...

ஓஎம்ஆர் ராக்கோழி:
எனக்கு ஸ்கூல்ல குடுத்த இலவச லேப்டாப்லயே பாஸ் லினக்ஸ் இருந்துச்சு, அதுலதான் நானும் ஆரம்பிச்சேன். வயசைக் காட்டி மிரட்டற வேலை வேணாம். போன தடவ நேர்ல சந்திச்சப்ப நாலு பிளேட் போண்டா சாப்ட்டுட்டு ஜிபே வேலை செய்யலன்னு கிளம்புனது யாருன்னு கேக்க வேண்டி வரும்.

பெரம்பூர் லோகோ:
மூணு பிளேட்டு. அதுவும் சர்வர் டவுன். இதுக்கும் ரேட்டுக்கும் என்ன சம்பந்தம்?

ரிச்சி தெரு ரீசார்ஜ்:
அந்த 3 பிளேட்டுக்கும் பில்லு வாங்குனீங்களா சார்

குரோம்பேட்டை கொசு:
அண்ணா, 120-க்கு இறக்கிட்டேன், விக்கல் பாதி கொறஞ்சுது. அப்புறம் ப்ளாஸ்மா போட்டு வேலாண்ட்லயும் நுழைஞ்சு பாத்தேன், விண்டோ செம ஸ்மூத்தா ஓடுது, ஆனா ஆபீஸ் மீட்டிங்ல ஸ்கிரீன் ஷேர் பண்ணா எல்லாருக்கும் கருப்பாதான் தெரியுதாம், மேனேஜர் கத்துறாரு. இப்ப எதுல இருக்கறது?

ஓஎம்ஆர் ராக்கோழி:
செம ஸ்மூத். நன்றி கொசு. வழக்கு முடிஞ்சுது.

பெரம்பூர் லோகோ:
கருப்பா தெரியுது. நன்றி கொசு. வழக்கு முடிஞ்சுது.

டெர்மினல் தாத்தா:
டியர்ஃப்ரீ போட்டுப் பாத்தியாப்பா கொசு? அந்த மீட்டிங் ஆப்பை ப்ரவுசர்ல திறந்து ஷேர் பண்ணிப் பாத்தியா?

பெரம்பூர் லோகோ:
தாத்தா இருங்க. கொசு, வேலாண்ட்ல மவுஸ் எப்படி இருந்துச்சு? அதைச் சொல்லு மொதல்ல.

ஓஎம்ஆர் ராக்கோழி:
மவுஸ் மவுஸ்ங்கறீங்களே, உங்க மவுஸ் என்ன மவுஸ்? 300 ரூபா ஆபீஸ் மவுஸ்தானே? சாதாரண யுஎஸ்பி மவுஸ் செகண்டுக்கு 125 தடவதான் எங்க இருக்கேன்னே சொல்லும். அப்போ 144 தடவ அது எப்படி நகரும்? உங்க ஆதாரமே 125 ஹெர்ட்ஸ் அண்ணே.

பெரம்பூர் லோகோ:
350 ரூபா. 125-ன்னே வச்சுக்குவோம். 125 பெருசா 60 பெருசா? 60-க்கு இறங்கிடும்னு சொன்னது நீ. இறங்கல.

ஓஎம்ஆர் ராக்கோழி:
ஐயோ. ஸ்லோமோஷன் வீடியோ. விண்டோவோட. கம்போசிட்டர் ஆன் பண்ணிட்டு. அதைப் போடுங்க, அதுவரைக்கும் நான் இந்தப் பக்கம் வரல.

பெரம்பூர் லோகோ:
போடுறேன். பெரம்பூர்ல மதியத்துல இருந்து கரண்ட் இல்ல, யுபிஎஸ்ல ஒரு மானிட்டர்தான் தாங்குது. 144-ஐ அணைச்சுட்டு 60-ல உக்காந்துதான் இதை டைப் பண்றேன். மவுஸ் இதுலயும் நல்லாதான் ஓடுது.

ஓஎம்ஆர் ராக்கோழி:
சிரிப்பு வருது அண்ணே.

பெரம்பூர் லோகோ:
சிரி. கரண்ட் வரட்டும்.