ஒன்றாம் வகுப்புக்கு ஹோம் ஒர்க் தேவையா?

மதுரை அம்மா:
மகள் ஒன்றாம் வகுப்பு, சிபிஎஸ்இ பள்ளி. தினமும் நாலு பக்கம் எழுதி வரச் சொல்லி டைரியில் குறிப்பு வருகிறது. ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு ஹோம் ஒர்க் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 மே மாதமே சொல்லிவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய அரசும் சுற்றறிக்கை அனுப்பியது. அப்புறமும் ஏன் இது?

திண்டுக்கல் செல்வம்:
கொடுக்காவிட்டால் பெற்றோரே போய்க் கேட்கிறோமே! எழுதி எழுதித்தான் எழுத்து படியும். சாயங்காலம் அரை மணி நேரம் உட்காரப் பழகாத பிள்ளை, ஆறாம் வகுப்பில் திடீரென்று உட்காருமா?

தொடக்கப்பள்ளி டீச்சர்:
செல்வம் சார், எழுத்து படிவது பக்கத்தில் இருந்து திருத்துவதால்தான். 'ழ'வைச் சுழிக்கத் தெரியாத பிள்ளை வீட்டில் அதை ஒரு பக்கம் எழுதினால் தப்புதான் கையில் பழகும். மறுநாள் நாற்பது நோட்டுக்கு டிக் போடவே நேரம் சரியாக இருக்கும். டியூக் பல்கலைக்கழகத்தின் ஹாரிஸ் கூப்பர் 2006இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். ஏழாம் வகுப்பு முதல் வீட்டுப்பாடத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் நல்ல தொடர்பு தெரிந்தது. சின்ன வகுப்புகளில் அது மிகவும் குறைவு.

திண்டுக்கல் செல்வம்:
அது அமெரிக்கக் கணக்கு, டீச்சர். இங்கே ஹோம் ஒர்க் இல்லையென்றால் பிள்ளை கையில் போன்தான். நானும் மனைவியும் வேலை முடிந்து வர ஏழு மணி ஆகிறது.

தொடக்கப்பள்ளி டீச்சர்:
அப்படியானால் ஏழு மணிக்கு மேல் யார் சொல்லிக்கொடுப்பது? டியூஷனுக்குத்தானே அனுப்ப வேண்டும்? அதற்கும் பணமில்லாத வீட்டுப் பிள்ளை மறுநாள் வெறும் நோட்டோடு வந்து நிற்கிறது. படிக்காததற்கு இல்லை, வீட்டில் ஆளில்லாததற்குத் திட்டு வாங்குகிறது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. மத்திய அரசின் 2020 பள்ளிப் பை கொள்கையைப் படித்துப் பாருங்கள். மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வாரத்துக்கே இரண்டு மணி நேரம்தான். அதற்குக் கீழே ஹோம் ஒர்க்கே இல்லை. நேற்று சாயங்காலம் என்ன விளையாடினாய், என்ன சாப்பிட்டாய் என்று வகுப்பில் பேச வைக்கச் சொல்கிறது.

திண்டுக்கல் செல்வம்:
வாரம் இரண்டு மணி நேரம் போதாது, இதில் நான் மாறப்போவதில்லை. ஆனால் ஒன்றாம் வகுப்புக்கு நாலு பக்கம் அதிகம்தான். ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லலாம்.

மதுரை அம்மா:
சரி, டீச்சர். அந்தச் சுற்றறிக்கையை அச்செடுத்துக்கொண்டு சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்துக்குப் போகிறேன். இன்னும் இரண்டு அம்மாக்கள் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.