லாவோஸ் யானைத் தபால்தலைகள் ஒட்டிக்கொண்டன: பசையைக் காப்பாற்ற வழி உண்டா?

வணக்கம். 1958-இல் வந்த லாவோஸ் யானைத் தபால்தலை வரிசை என்னிடம் இருக்கிறது. ஏழும் பயன்படுத்தாதவை, பின்பக்கப் பசை முழுதாக இருந்தவை. கடந்த மழைக்காலத்துக்குப் பிறகு தலைகளைச் செருகி வைக்கும் ஸ்டாக் புக்கைத் திறந்தால், நான்கு தலைகள் பின்னாலிருக்கும் அட்டையோடு ஒட்டிக் கிடக்கின்றன. நான் இருப்பது பினாங்கில், கடலோரம். இங்கே காற்றே ஈரம்தான்.

முன்பக்கம் பழுதில்லை. படத்தை உலோகத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட வரிசை இது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் மை மேடுமேடாகத் தெரியும், விரல் நுனியிலும் தட்டுப்படும். லாவோஸ் தலைகளை நான் சேர்ப்பதே இதற்காகத்தான். அதனால் அழுத்தவோ, சூடான இஸ்திரி வைக்கவோ மனம் வரவில்லை.

செய்து பார்த்தவை: காற்றுப் புகாத பையில் போட்டு ஃப்ரீசரில் ஓர் இரவு வைத்தேன், அசையவில்லை. அப்புறம் மூடிய டப்பாவில் ஈர ஸ்பாஞ்ச், அதற்கு மேல் வலைத்தட்டில் தலைகள். அதில் ஒன்று மட்டும் கழன்றது, ஆனால் பசை பளபளப்பு இழந்து திட்டுத்திட்டாகிவிட்டது. தாளும் லேசாகச் சுருண்டது. மெல்லிய ஸ்பாட்டுலாவை ஓரத்தில் நுழைத்தேன். தலையின் விளிம்பிலுள்ள துளைப் பற்கள் கிழியும்போல் இருந்ததால் நிறுத்திவிட்டேன். தண்ணீரில் ஊறவைத்தால் கழன்றுவிடும், பசை போய்விடும் என்பது தெரியும்.

மீதி மூன்றையும் பசை கெடாமல் எடுக்க, நீங்களே செய்து பலன் கண்ட முறை ஏதாவது இருக்கிறதா?