தம்பியின் தமிழ்-சிங்கள ரெகேட்டோன்: கம்பனியில் கையெழுத்துப் போடலாமா?

மஸ்கெலியா அக்கா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் தம்பியும் கினிகத்தேனையில் இருக்கும் அவனுடைய சிங்கள நண்பனும் இரண்டு வருடமாகச் சேர்ந்து பாட்டு செய்கிறார்கள். பீட் ரெகேட்டோன், ஸ்பானிய மொழிப் பாட்டுகளில் வரும் அந்த ஆட்டத் தாளம். தம்பி தமிழில் பாடுவான், மற்றவன் சிங்களத்தில், கோரஸில் இரண்டும் கலந்து வரும். ஸ்டூடியோ ஒன்றும் கிடையாது, லயன் காமராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறையில், ஜன்னலுக்குக் கம்பளியைத் தொங்கவிட்டு, பக்கத்து வீடுகளில் டீவி எல்லாம் அடங்கின பிறகு ராத்திரியில் ரெக்கோர்ட் பண்ணுவார்கள். தகரக் கூரை, அதனால் மழை பெய்தால் அன்றைக்கு வேலை இல்லை (மஸ்கெலியாவில் மழை பெய்யாத நாள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்). போன தைப்பொங்கலுக்கு விட்ட பாட்டு டிக்டொக்கில் பிடித்துக்கொண்டு இப்போது ஹட்டன் பஸ்ஸில் கூடப் போடுகிறார்கள். மலையில் அம்மாவோடு கொழுந்து எடுப்பவர்கள் அதைப் போனில் போட்டுக் காட்டினார்களாம், அன்று அம்மா வந்து ஒன்றும் பேசாமல் தம்பிக்கு முதலில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

இப்போது கொழும்பில் ஒரு கம்பனி ஐந்து வருட ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது, முழுக்க ஆங்கிலத்தில். ஏற்கெனவே விட்ட பாட்டுகளும் அவர்களுக்கே சொந்தமாம். அப்புறம் "முதலில் சிங்களத்தில் மட்டும் செய்யுங்கள், தமிழைப் பிறகு பார்ப்போம்" என்கிறார்கள். தம்பி வாயே திறக்கவில்லை. என்ன செய்யலாம்?

பண்டாரவளையிலிருந்து பதில்:

அக்கா, கையெழுத்துப் போட வேண்டாம். நான் ஆறேழு வருடமாக மற்றவர்களுக்கு மிக்ஸ் பண்ணிக் கொடுக்கிறேன், இப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் பாட்டைக் கொடுத்துவிட்டுத் தன் பாட்டையே தன் சேனலில் போட முடியாமல் நிற்பவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு பாட்டில் இரண்டு உரிமை இருக்கிறது. வரியும் மெட்டும் ஒன்று, பதிவு செய்த அந்த ஒலி, அதாவது மாஸ்டர், இன்னொன்று. கம்பனி கேட்பது பெரும்பாலும் மாஸ்டரைத்தான். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி பாட்டை உருவாக்கிய உடனேயே உரிமை வந்துவிடும், எங்கேயும் பதிய வேண்டியதில்லை. அதைச் சும்மா தூக்கிக் கொடுக்காதீர்கள்.

வருடத்துக்கு ஒரு கட்டணம் வாங்கிக்கொண்டு ஸ்பொட்டிஃபை, அப்பிள் எல்லாவற்றிலும் பாட்டை ஏற்றிவிடும் டிஸ்ட்ரோகிட் மாதிரி சேவைகள் இருக்கின்றன, மாஸ்டர் உங்களிடமே இருக்கும். ஆனால் பணம் உடனே கொட்டும் என்று நம்ப வேண்டாம். 2024இலிருந்து ஸ்பொட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1000 தடவையாவது ஓடினால்தான் காசு, யூடியூப்பில் விளம்பரப் பங்கு வேண்டுமென்றால் 1000 சந்தாதாரரும், வருடத்தில் 4000 மணிநேரப் பார்வையோ 90 நாளில் ஷோர்ட்ஸுக்கு ஒரு கோடிப் பார்வையோ வேண்டும். இன்னொன்று, பீட் யார் செய்தது? இணையத்தில் "இலவசம்" என்று போட்டிருந்ததை எடுத்திருந்தால் நாளைக்கு வேறொருவர் உரிமை கோருவார். அதை முதலில் கேளுங்கள்.

தலவாக்கலையிலிருந்து பதில்:

தங்கச்சி, மேலே பண்டாரவளைத் தம்பி சொன்னது சரி, நான் மொழியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் எனக்குக் கோபம் வந்தது அந்த இடத்தில்தான். 1904க்கும் 1914க்கும் இடையில் அமெரிக்கா பனாமா கால்வாயை வெட்டியபோது ஜமேக்கா, பார்படோஸ் என்று கரீபியன் தீவுகளிலிருந்து ஆயிரக்கணக்கான தொழிலாளரைக் கொண்டுபோனார்கள். நம்மவர்களைக் கோப்பிக்கும் தேயிலைக்கும் கொண்டுவந்த மாதிரிதான். அந்தக் கூலிக்காரர்களின் வழிவந்தவர்கள்தான் பிறகு ஜமேக்காவின் ரெகே இசையை ஸ்பானியத்தில் பாடினார்கள். ரெகேட்டோனுக்கு வேர் அங்கே இருக்கிறது. அதன் தாளத்துக்கு டெம்போ (Dem Bow) என்று பெயர் வந்ததே ஷாபா ரேங்க்ஸ் என்ற ஜமேக்காப் பாடகரின் பாட்டிலிருந்துதான். இன்னொரு கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவில் 90களில் பையன்கள் அதைக் கசெட்டில் பதிந்து கைக்குக் கை கொடுத்தார்கள், 1995இல் பொலிஸ் கடை கடையாகப் புகுந்து அந்தக் கசெட்டுகளை அள்ளிக்கொண்டு போனது. அப்படியும் நிற்கவில்லை. விசின், யாண்டெல் என்ற ரெகேட்டோன் பாடகர் ஜோடி அங்குள்ள கயேய் என்ற மலை ஊர்க்காரர்கள், அவர்கள் 2005இல் சொந்தப் பாட்டுக் கம்பனியே தொடங்கினார்கள். பிறந்த நாளிலிருந்தே ஊர் மாறி மொழி மாறி வந்த இசையிடம் போய் ஒரு மொழியை விடு என்று சொல்வது எந்த நியாயம்? தம்பியிடம் சொல்லுங்கள், தமிழை விட வேண்டாம். அந்தச் சிங்களப் பையனும் விடச் சொல்ல மாட்டான் என்றுதான் நினைக்கிறேன்.

ஹட்டனிலிருந்து பதில்:

எனக்கு இதில் கொஞ்சம் மனக்குறை உண்டு. நம்மிடம் தப்பு என்ற பறை மேளம் இருக்கிறது, மாசியில் காமன் கூத்துக்கு அடிக்கும் அடி இருக்கிறது, பிறகு ஏன் எங்கோ உள்ள தாளம்? பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை, பாட்டை நானும் கேட்டேன், நன்றாக இருக்கிறது. ஆனால் தப்பு அடிக்கிற பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள், அதுதான் வயிற்றைப் பிசைகிறது.

பண்டாரவளையிலிருந்து மறுபடியும்:

ஐயா, இரண்டையும் சேர்க்கலாம். டெம்போ எட்டு அடியை மூன்று, மூன்று, இரண்டு என்று பிரித்து விழும், நிமிடத்துக்கு 90, 100 அடி வேகம். ஸ்னேர் மேளத்தின் அடி விழும் இடத்தில் தப்பின் குச்சிச் சத்தத்தை வைத்துப் பாருங்கள், அப்படியே உட்காரும். போனில் பதிந்து அனுப்பினால் நான் காசு வாங்காமல் செய்து தருகிறேன்.

மஸ்கெலியா அக்கா எழுதியது:

எல்லோருக்கும் மிகவும் நன்றி. இரவு இரண்டு பேரையும் உட்காரவைத்து வாசித்துக் காட்டினேன். பீட் தம்பியே போனில் செய்ததுதானாம், அந்தப் பயம் இல்லை. பனாமாக் கதையை அவன் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னான். சிங்களத் தம்பிதான் முதலில் வாயைத் திறந்தான், "தமிழ் இல்லாமல் நான் பாட மாட்டேன் அக்கா" என்றான். யாருக்கு எவ்வளவு என்று இருவரும் ஒரு தாளில் எழுதி இப்போதே கையெழுத்துப் போட்டுக்கொண்டார்கள், பாதிப் பாதி. திங்கட்கிழமை ஹட்டனில் ஒரு சட்டத்தரணியைப் பார்த்து, கம்பனிக்கு முடியாது என்று எழுதப் போகிறோம். ஹட்டன் ஐயா, எங்கள் தோட்டத்தில் தப்பு அடிக்கும் தாத்தா ஒருவர் இன்னும் இருக்கிறார். மழை விட்டால் ஞாயிறு காலையில் அவர் வீட்டு வாசலில் பதியலாம் என்று சொல்லியிருக்கிறார்.