மழையே பெய்யாமல் வெள்ளம் வந்த ஓடை: வேதாகமத்தில் படித்த மழையையும் தண்ணீரையும் நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

நெகேவ்வாசி

2 இராஜாக்கள் 3 உங்களுக்குத் தெரியும், கதை சொல்லப்போவதில்லை. மோவாபின்மேல் படையெடுத்துப் போகிற மூன்று ராஜாக்கள், ஏழு நாள் நடை, சேனைக்கும் ஆடுமாடுகளுக்கும் சொட்டுத் தண்ணீர் இல்லை. எலிசா தீர்க்கதரிசி சொல்கிறார், பள்ளத்தாக்கு முழுக்க வாய்க்கால் வெட்டுங்கள், காற்றும் அடிக்காது மழையும் பெய்யாது, ஆனாலும் தண்ணீர் நிரம்பும் என்று. இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் உள்ள ஸ்தே போக்கேரில் ஆராய்ச்சி வேலையாகத் தங்கியிருந்தபோது அப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்தேன். அதிலிருந்து மண்டைக்குள் குடைந்துகொண்டே இருக்கிறது.

குளிர்காலம்தான், ஆனால் தலைக்கு மேல் ஒரு மேகம் கிடையாது. கூட வேலை பார்த்த இஸ்ரேல்காரப் பையன் போனைப் பார்த்துவிட்டு, மலைப்பக்கம் மழை கொட்டியிருக்கிறது, சீன் ஓடையில் வெள்ளம் வருகிறது, கிளம்பு என்றான். மேட்டில் போய் நின்றோம். முதலில் சத்தம்தான் வந்தது, ஜல்லி லாரி கொட்டுகிற மாதிரி. அப்புறம் வளைவில் தண்ணீரின் முனை தெரிந்தது, முழங்கால் உயரம்கூட இருக்காது. பழுப்பு நுரை, அதற்கு முன்னால் காய்ந்த சுள்ளி, ஆட்டுப்புழுக்கை, ஒரு பிளாஸ்டிக் கேன், எல்லாம் உருண்டு வருகிறது. மணல் குடித்துவிடுவதால் முனை நின்று நின்றுதான் நகர்கிறது, பின்னால் வருகிற தண்ணீர் அதன்மேல் ஏறித் தாண்டுகிறது. கொஞ்ச நேரத்தில் பாறாங்கற்களே உருள ஆரம்பித்துவிட்டன. ஓடைக்கு வெளியே நிலத்தில் மண் அப்படி, மழை விழுந்ததும் மேற்பரப்பு ஓடு கட்டிக்கொள்ளும், தண்ணீர் உள்ளே இறங்காமல் அப்படியே வழிந்து ஓடிவரும்.

மறுநாள் போனால் ஓடை காலி. பள்ளம் இருந்த இடங்களில் மட்டும் தண்ணீர். வாய்க்கால் எதற்கு என்று அப்போதுதான் உறைத்தது. வெட்டி வைக்காவிட்டால் கண்ணெதிரே வந்த தண்ணீர் கண்ணெதிரே போயிருக்கும். ஏதோம் வழியாய் வந்தது என்று வசனமே சொல்கிறது, ஏதோம் சிவப்புக்கல் மலை. காலை வெயில் பட்டபோது மோவாபியருக்கு அது இரத்தமாகத் தெரிந்ததில் எனக்கு இப்போது ஆச்சரியமே இல்லை.

எஸ்தர்_நெல்லை

பிரதர், நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் எல்லாவற்றையும் மண்ணு, ஓடு என்று விளக்கிவிட்டால் தீர்க்கதரிசிக்கு அங்கே என்ன வேலை? அது இருக்கட்டும், என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

எங்கள் சபைக் குழுவோடு கர்மேல் பர்வதம் போனோம். மேலே முக்ராக்கா என்று கார்மேல் துறவிகளின் மடம், அதன் மொட்டை மாடியிலிருந்து கடல் பக்கம் பார்க்கலாம். ஆகஸ்ட் மாத வெயில், தூரத்தில் ஒரே மங்கல். கடலிலிருந்து எழும்பிய உள்ளங்கை அளவு மேகத்தை வைத்து, மழை வருகிறது என்று எலியா தீர்க்கதரிசி ஆகாப் ராஜாவுக்குச் சொல்லி அனுப்புகிற 1 இராஜாக்கள் 18-ஐ பாஸ்டர் வாசித்து முடித்தார், எல்லோரும் ஆமென் சொன்னோம். பக்கத்தில் நின்ற ஒரு ஆன்ட்டி மட்டும் கையை முழுதாக நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையைக் கடலுக்கு நேராக வைத்து அளந்து பார்த்தார். "இத்தனூண்டு மேகத்தை நம்பியா ராஜாவை ரதம் பூட்டச் சொன்னாரு?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. பாஸ்டரும் ஒன்றும் சொல்லவில்லை.

கைடு கீழே கீசோன் ஓடும் சமவெளியைக் காட்டினார். களிமண் பூமி, மழை பிடித்தால் சக்கரம் புதைந்துவிடுமாம். கானானியப் படைத்தலைவன் சிசெராவின் 900 இருப்பு ரதங்கள் மாட்டிக்கொண்டதும் அங்கேதான். மழை உம்மைத் தடைசெய்யாதபடிக்கு இறங்கிப்போம் என்று எலியா ஆகாபுக்குச் சொன்னது அதனால்தான் என்றார். சரி, புரிந்தது. ஆனால் ஆன்ட்டி கேட்டது அது இல்லையே.

சாலை_90

முதல் பதிவைப் படித்ததும் எனக்குப் பதறிவிட்டது. வெள்ளம் வருகிறது என்று தெரிந்தும் வேடிக்கை பார்க்கப் போவதா? என் கதை ஒரு வரிதான்: சவக்கடல் ஓரத்து எங்கேதிக்குப் பக்கத்தில் ரோட்டின் மேலேயே தண்ணீர் பாய்ந்ததில் எங்கள் பஸ் நகராமல் நின்றது, பயத்தில் யாரும் பேசவில்லை.

இனி போகிறவர்களுக்காகச் சொல்கிறேன், தயவுசெய்து கேளுங்கள். 2018 ஏப்ரல் 26 அன்று சவக்கடல் பக்கம் ட்சாபித் ஓடையில் நடைபயணம் போன 10 இளம்பிள்ளைகள் வெள்ளத்தில் செத்துப்போனார்கள். ஏப்ரல் கடைசி! மழைக்காலம் முடிந்தது என்று எல்லோரும் நினைக்கிற நேரம். உங்கள் தலைக்கு மேல் வானம் எப்படி இருக்கிறது என்பது கணக்கே இல்லை, மலைமேல் எப்படி என்பதுதான் கணக்கு. மலைப்பக்கம் மேகம் போட்ட நாளில் குறுகலான பள்ளத்தாக்குக்குள் இறங்கவே இறங்காதீர்கள். ஓடைப்படுகையில் கூடாரம் போடாதீர்கள். ரோட்டைத் தண்ணீர் கடந்தால் வண்டியை நிறுத்திக் காத்திருங்கள், முன்னால் போகிறவன் போய்விட்டான் என்று பின்னாலேயே விடாதீர்கள். டூர் ஏற்பாடு செய்கிறவர்கள் அட்டவணை தவறிவிடும் என்று அவசரப்படுத்துவார்கள், தவறினால் தவறட்டும். "தெற்கத்தி வெள்ளங்களைத் திருப்புவதுபோல" என்று சங்கீதம் 126 பாடுகிறோமே, அந்த வெள்ளம் இதுதான்.

எருசலேம்_அக்கா

தம்பி, அவர் கேட்காத புத்திமதி எதற்கு, நல்ல மனதோடு சொன்னீர்கள், விடுங்கள்.

நான் இங்கே எருசலேமில் ஒரு யூதத் தாத்தாவைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். கூடாரப்பண்டிகை முடிகிற நாளில் ஜெபத்தில் மழையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிடுவார், ஆனால் மழை தா என்று கேட்பது யூத மாதமான மார்கெஷ்வான் 7ஆம் தேதிதான். பண்டிகைக்கு எருசலேம் வந்த கடைசி யாத்திரிகன் நனையாமல் ஐப்பிராத்து நதிக்கரை போய்ச் சேரட்டும் என்று அந்தக் காலத்தில் வைத்த கணக்காம். இன்று யார் நடந்து போகிறார்கள் என்று கேட்டால் சிரிப்பார், தேதியை மாற்ற மாட்டார்.

ஒரு வருஷம் முதல் மழை பிந்திவிட்டது. உபாகமம் 11-இல் முன்மாரி, பின்மாரி, வானத்தை அடைத்துப்போடுவார் என்று வருமே, அந்தப் பகுதியைத் தினமும் காலையும் மாலையும் சொல்வார்கள். அடைத்துப்போடுவார் என்ற இடம் வந்ததும் தாத்தா நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்ப்பார், அப்புறம்தான் தொடர்வார். கடைசியில் மழை வந்த அன்று, துணியெல்லாம் கொடியில் கிடக்க, "ஐயோ, மோசமான வானிலை" என்று சொல்லிவிட்டேன். தாத்தா கோபப்பட்டு நான் பார்த்தது அது ஒன்றுதான். ராத்திரி வரை என்னோடு பேசவில்லை.

எஸ்தர் சிஸ்டர், மண்ணா அற்புதமா என்று அவரிடமே கேட்டேன். கேள்வி புரியவில்லை என்றார்.

நெகேவ்வாசி

சாலை அண்ணா, மேட்டில் நின்றோம் என்றுதான் எழுதியிருக்கிறேன், படித்துவிட்டுத் திட்டுங்கள்.

சிஸ்டர், அற்புதம் இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? தண்ணீர் வந்தது மறுநாள் காலை பலி செலுத்தும் நேரத்தில். வெட்டச் சொன்னது அதற்கு முன்னால். என் நண்பனுக்குப் போனில் செய்தி வந்தது, எலிசாவிடம் சுரமண்டலம் என்கிற நரம்பு வாத்தியம் வாசிக்கிறவன் ஒருவன்தான் இருந்தான். ஆன்ட்டியின் கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை. அவர் வேறு என்ன சொன்னார், எழுதுங்களேன்.